யாரைத் தோற்கடிப்பது? குடியாத்தத்திலிருந்து ஓர் அனுபவம்

எங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு பச்சைப் பலகை இருக்கிறது. இதுவரை தலைவராக இருந்தவர்களின் பெயர்களும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதும் அதில் வெள்ளை எழுத்தில் இருக்கும். கடைசி வரி 24.10.2016 என்று முடிந்திருந்தது. அதற்குக் கீழே பெயின்டர் வெறும் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார். அந்தக் காலிக் கோட்டை ஐந்து வருஷம் பார்த்தவள் நான்.

ஊர் குடியாத்தத்துக்குப் பக்கம். நைனா லுங்கித் தறி நெய்தவர். நானும் அம்மாவும் பீடி சுற்றுகிறோம். எங்கள் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஓர் ஓடை. மழை பிடித்தால் முழங்கால் அளவு தண்ணீர் போகும். பிள்ளைகள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு தாண்டுவார்கள். குழாய் பதித்து மேலே கான்கிரீட் போட்டு ஒரு சிறுபாலம் கட்டினால் போதும். 2011-இல் ஜெயித்த தலைவர் ஓட்டு கேட்க வந்தபோது அந்த ஓடைக்கரையில் நின்றுதான் வாக்குக் கொடுத்தார். ஐந்து வருஷத்தில் ஒரு குழாய்கூட வந்து இறங்கவில்லை. யாரும் அவரோடு சண்டைக்குப் போகவில்லை. "ஓட்டு வரட்டும், பாத்துக்கலாம்" என்று தெருவே மனசில் வைத்திருந்தது.

2016 அக்டோபர் 17, 19 என்று உள்ளாட்சித் தேர்தலுக்குத் தேதி குறித்தார்கள். மனுத் தாக்கலும் நடந்தது. பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. அந்த வழக்கில் எனக்குக் குறை இல்லை, நியாயமான கேள்விதான். அப்புறம் நடந்ததில்தான் என் ஆத்திரம். ஊராட்சியின் ஆயுள் ஐந்து வருஷம், அது முடியும் முன்பே அடுத்த தேர்தலை முடிக்க வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 243-இ பிரிவு சொல்கிறது. ஆனால் தலைவர் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர் வந்தார். கொஞ்ச காலத்துக்கு என்றார்கள். அது முடிந்ததும் சட்டமன்றத்தில் சட்டத்திருத்தம், இன்னும் ஆறு மாதம். மறுபடியும் திருத்தம், மறுபடியும் ஆறு மாதம். அமைச்சர் மசோதாவைக் கொண்டுவருவார், ஆதரிப்போர் 'ஆம்' என்க, எதிர்ப்போர் 'இல்லை' என்க, குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிடும். எங்கள் ஓட்டு இன்னும் ஆறு மாதம் தள்ளிப் போய்விடும்.

அந்த 'இல்லை'யைச் சொல்லக்கூட எங்களுக்கு அங்கே ஆள் இல்லை. 2017 செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் 18 உறுப்பினர்களைத் தகுதிநீக்கம் செய்தார். குடியாத்தம், ஆம்பூர், சோளிங்கர் மூன்றும் அந்தப் பதினெட்டில் அடக்கம். வழக்கு நடந்தது. இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொல்ல, மூன்றாவது நீதிபதியிடம் போய் 2018 அக்டோபரில்தான் முடிந்தது. இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18. எங்கள் ஊராட்சித் தேர்தலைத் தள்ளிப்போடும் மசோதாக்களில் பல நிறைவேறிய நாட்களில் குடியாத்தத்தின் நாற்காலி காலியாகக் கிடந்தது.

அந்த ஏப்ரல் 18-லும் பாதி ஓட்டுத்தான். கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டதால் வேலூர் மக்களவைத் தேர்தலை இரண்டு நாள் முன்பு ரத்து செய்துவிட்டார்கள். எம்.எல்.ஏ.வுக்கு மட்டும் பொத்தானை அழுத்திவிட்டு வந்தோம். எம்.பி.க்கு ஆகஸ்ட் 5 அன்று மறுபடி வரிசையில் நின்றோம். நாடாளுமன்றம் ஜூனிலேயே கூடிவிட்டது. அப்படித் தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ.வும் ஒன்பது மாதத்தில், 2020 பிப்ரவரியில், காலமானார். காலியான இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் தேர்தல் என்கிறது சட்டம். கொரோனா வந்தது, இடைத்தேர்தல் வரவே இல்லை. 2021 பொதுத்தேர்தல் வரை மறுபடியும் காலி.

எங்கள் தாத்தா இதைப் பார்க்க இல்லை. 1954-இல் காமராஜர் முதலமைச்சரானபோது ஆறு மாதத்துக்குள் சட்டமன்ற உறுப்பினராக வேண்டிய கட்டாயம். அவர் வந்து நின்றது எங்கள் குடியாத்தத்தில். இடைத்தேர்தலில் ஜெயிக்க வைத்து அனுப்பிய ஊர் இது. தாத்தா அந்த ஓட்டைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆறு மாதக் கணக்கு ஒரு முதலமைச்சரைக்கூட எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. எங்கள் காலத்து ஆறு மாதம் எதையும் கொண்டுவரவில்லை.

சிறுபாலத்துக்காக நான் கொடுத்த மனுக்கள் பதினொன்று. தனி அலுவலரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ஒரே ஆளிடம் அத்தனை ஊராட்சிகள். மேஜையில் கோப்பு அடுக்கின் மேல் என் மனுவை வைத்துவிட்டு, "எனக்குப் புரியுதும்மா, ஆனா நிதி வரணுமே" என்றார். தேர்தல் நடத்தாததால் உள்ளாட்சிகளுக்கு மத்திய நிதிக்குழு மானியம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அவரைத் தோற்கடிக்க எனக்கு ஓட்டும் இல்லை, அவர் என்னிடம் ஓட்டு கேட்டு வரப்போவதும் இல்லை.

2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தபோதும் எங்களுக்கு இல்லை. வேலூர் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் பிறந்த நேரம் அது. வார்டு மறுவரையறை முடியட்டும் என்று ஒன்பது மாவட்டங்களை உச்ச நீதிமன்றம் விலக்கி வைத்தது. கடைசியில் 2021 அக்டோபர். வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நான்கு சீட்டுகளைக் கையில் வாங்கியபோது அம்மாவுக்கு விரல் நடுங்கியது. தலைவர் சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, "அவர் பேரே இல்லையேடி" என்றாள்.

சுழற்சியில் தலைவர் பதவி பெண்களுக்குப் போயிருந்தது. அது நல்லது, நானே சந்தோஷப்பட்டேன். ஆனால் ஓடைக்கரையில் வாக்குக் கொடுத்தவரை நாங்கள் ஓட்டால் கேட்கவே முடியாமல் போனது. ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் அவர் நின்றார். திரும்பிப் பார்த்து, "பதினாறுல நடந்திருந்தா உங்க தெருவுல எனக்கு ஒரு ஓட்டும் விழுந்திருக்காதும்மா, எனக்கே தெரியும்" என்றார். "தெரிஞ்சும் ஏன்ணா செய்யல?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பையை விரித்து அரிசி வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆம்பூரிலிருந்து

அக்கா, எங்களுக்கும் அதே பதினெட்டு, அதே கதைதான். ஷூ கம்பெனியில் வேலை. ஏப்ரல் 18-க்கு ஒரு தரம் லீவு, ஆகஸ்ட் 5-க்கு இன்னொரு தரம். சூப்பர்வைசர் "உங்க ஊருக்கு மட்டும் எத்தினி வாட்டிப்பா ஓட்டு?" என்று கேட்டார். ஆனால் அந்த இரண்டாவது ஓட்டில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் 8,141 தான். மொத்த மக்களவைத் தொகுதியில் அது எங்கள் நகரத்துச் சில தெருக்களின் ஓட்டு. நான் போயிருக்காவிட்டால் மனசு கேட்டிருக்காது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். நாற்காலியில் ஆள் இருந்தபோதும் எங்கள் தெருச் சாக்கடை அப்படியேதான் இருந்தது.

சத்துவாச்சாரியிலிருந்து

வேலூர் மாநகராட்சியில் 60 வார்டு. 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி 19 அன்று ஓட்டுப் போடும் வரை ஒரு கவுன்சிலர் கிடையாது. அந்த இடைவெளியில் சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கு எழுதிப் பார்த்தேன். இது பலருக்குத் தெரியாது. பல வருஷமாகத் தீராத பொதுப் பிரச்சினையை நாமே பேரவைக்கு எழுதலாம். தமிழில், ஐந்து நகல். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. பட்டா, முதியோர் ஓய்வூதியம், வேலை, கோர்ட்டில் இருக்கும் விஷயம் எதுவும் கூடாது. நான் கால்வாய் அடைப்பையும் தெருவிளக்கையும் சேர்த்து எழுதிவிட்டேன், எடுபடவில்லை. பிரித்து எழுதியிருக்க வேண்டும். குடியாத்தம் சகோதரி, உங்கள் சிறுபாலம் அந்த விதிக்குள் அப்படியே பொருந்தும்.

குடியாத்தத்திலிருந்து மறுபடியும்

ஐயா, ஐந்து நகல் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பன்னிரண்டாவது மனு அங்கே போயிருக்கும்.

ஆம்பூர்த் தம்பி, கோபம் இல்லை. ஆனால் இதைக் கேள். 2021 அக்டோபர் 20-இல் புதுத் தலைவி பதவியேற்றார். அடுத்த மாதமே கவுண்டன்ய மகாநதியில் வெள்ளம், எங்கள் ஓடையும் பொங்கியது. ராத்திரி பதினோரு மணிக்கு அந்தம்மா புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்று, பிள்ளைகளையும் கிழவிகளையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட்டார். என்னைப் பார்த்து, "பாலத்துக்கு நீதானே மனு எழுதுறவ? கிராம சபையில தீர்மானம் போடலாம், வா" என்றார். தீர்மானத்தை நோட்டில் எழுதும்போது பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வார்த்தையாகச் சரிபார்த்தேன். பாலம் கட்டி முடிய மேலும் இரண்டு வருஷம் ஆனது. மூன்று குழாய், இருபுறமும் கைப்பிடிச் சுவர்.

அந்தம்மா வேறு பலதில் எங்களுக்குக் குறை வைத்திருக்கிறார். தண்ணீர்த் தொட்டி மோட்டார் விஷயத்தில் அவர் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியும் இருக்கிறேன். எங்கள் ஒன்பது மாவட்டங்களுக்குப் பதவிக்காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. மற்ற மாவட்டங்களில் 2025 ஜனவரியில் முடிந்து, அங்கே மறுபடியும் தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். பச்சைப் பலகையில் அந்தம்மா பெயருக்கு நேரே 'முதல்' தேதி மட்டும் எழுதியிருக்கிறது. 'வரை' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்பதை நாங்கள்தான் ஓட்டுப் போட்டுச் சொல்ல வேண்டும். ஐயா, மனுக்கள் குழுவுக்கு எந்த விலாசத்தில் அனுப்பினீர்கள் என்று எழுதுங்கள். இந்த முறை தேர்தல் தேதிக்காகவே ஐந்து நகல் எடுக்கப் போகிறேன்.