மாதம் 2 நாள் சம்பளமில்லா விடுப்பு: வழக்குப் போட்டால் நிற்குமா?

மேலூர்க்காரி:
அரசுக்குக் கீழே இருக்கும் ஒரு வாரியத்தில் உதவியாளராக இருக்கிறேன். சம்பளப் பட்டியல் போடுவது என் சீட்டில்தான். போன வாரம் சுற்றறிக்கை வந்தது. நிதி நெருக்கடியாம், அடுத்த மாதத்திலிருந்து எல்லோரும் மாதம் 2 நாள் சம்பளமில்லாமல் விடுப்பில் இருக்க வேண்டுமாம். எங்கள் அலுவலக உதவியாளர் அண்ணனுக்கு நகைக்கடன் பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வருவது கொஞ்சம்தான். அவர் பெயருக்கு நேரே இந்த 2 நாள் பிடித்தத்தையும் நான்தான் ஏற்ற வேண்டும். கை வரவில்லை. சங்கத்தில் கேட்டால் மனு கொடுத்திருக்கிறோம் என்கிறார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகலாமா?

வில்லாபுரம் தம்பி:
அக்கா, கலிபோர்னியாவில் இதே மாதிரி நடந்தது. ஆளுநராக இருந்த அர்னால்டு சுவார்ஸ்நேகர் 2009 பிப்ரவரியிலிருந்து மாநில ஊழியர்களுக்கு மாதம் 2 நாள் சம்பளமில்லா விடுப்பு என்றார். ஜூலையில் அது 3 நாளானது. பொறியாளர் சங்கம் உள்பட பல சங்கங்கள் வழக்குப் போட்டன. 2010 அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள்.

திருநகர் ஓய்வூதியர்:
தம்பி சொன்னது சரி. ஆனால் எப்படித் தோற்றார்கள் என்பதைப் பாரும்மா. ஆளுநர் தன்னிச்சையாக இப்படி உத்தரவு போட முடியாது என்றுதான் அந்த நீதிமன்றமும் சொன்னது. நடுவிலே சட்டமன்றம் பட்ஜெட்டைத் திருத்தி, சம்பள ஒதுக்கீட்டைக் குறைத்து, அந்த விடுப்பை ஏற்றுக்கொண்டுவிட்டது. அதனால்தான் உத்தரவு நின்றது.

நம் பக்கத்திலும் அதேதான். 2020 ஏப்ரலில் கேரள அரசு மாதம் 6 நாள் வீதம் 5 மாதத்துக்குச் சம்பளத்தைத் தள்ளிவைத்தது. சட்டத்தின் பலம் இல்லை என்று உயர் நீதிமன்றம் தடை போட்டது. உடனே அவசரச் சட்டம் வந்தது, அதற்குத் தடை கிடைக்கவில்லை.

ஆகவே உன் சுற்றறிக்கையில் 'பார்வை' என்று போட்டு என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார். சட்டப்பிரிவு இருக்கிறதா, விதி எண் இருக்கிறதா, அரசாணை இருக்கிறதா? வழக்கின் உயிரே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

இன்னொன்று. ஆந்திரத்தில் தள்ளிவைத்த சம்பளத்தை 6 சதவீத வட்டியோடு கொடுக்க வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது வேலை பார்த்த நாளுக்கான கூலி. உங்களை வேலைக்கே வராதே என்கிறார்கள். அதனால் 'அந்த இரண்டு நாளும் பணிக்கு வரத் தயார்' என்று ஒவ்வொருவரும் கடிதம் எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள்.

கோபத்தில் வேலைநிறுத்தம் என்று மட்டும் இறங்காதீர்கள். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்ததற்காகத் தமிழக அரசு சுமார் 1.7 லட்சம் பேரை வேலையிலிருந்து நீக்கியது, நானும் அதில் ஒருவன். அப்போது ஒத்தக்கடையில் உயர் நீதிமன்றக் கிளை கிடையாது, அது 2004 ஜூலையில்தான் வந்தது. எதற்கும் ராத்திரி பஸ்ஸில் சென்னைக்குப் போக வேண்டும். ஆகஸ்ட் 6 அன்று, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் உள்ளே போனோம். அதன் நகல் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. ஓரம் மடிந்து, மை வெளுத்துப்போச்சு. அப்படி ஒரு கடிதத்தை உங்களில் ஒருவர்கூட எழுதக் கூடாது.

மேலூர்க்காரி:
ஐயா, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பார்வையில் ஒரே வரிதான், வாரியக் கூட்டத் தீர்மானம். சட்டப்பிரிவு எதுவும் இல்லை.

திருநகர் ஓய்வூதியர்:
அந்தத் தீர்மானத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் இன்றைக்கே கேளும்மா. பதிலுக்கு 30 நாள் ஆகலாம், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு சங்கச் செயலாளரோடு ஞாயிற்றுக்கிழமை வா. ஒத்தக்கடையில் பணி வழக்கு மட்டுமே பார்க்கிற வக்கீல் ஒருவரைத் தெரியும், நானே கூட வருகிறேன். அவசரச் சட்டம், திருத்தம் என்று ஏதாவது வருவதற்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும்.