வன்கட்டை, மென்கட்டை: கல்லான மரத்துக்கு இந்தப் பெயர்கள் பொருந்துமா?

மடல் 1

வணக்கம். கல்மரத் துண்டுகளை வகை பிரித்து அட்டை எழுதும் சேகரிப்பாளர்களுக்காக ஒரு சொற்பட்டியல் தயாராகிறது. கல்மரம் என்ற சொல்லில் சிக்கல் இல்லை. திருவக்கரைப் பூங்காவின் பெயரிலேயே அது நிலைத்துவிட்டது. அடுத்த வரியில்தான் முட்டுகிறது. ஹார்ட்வுட், சாஃப்ட்வுட் இரண்டுக்கும் பாடநூல்களில் வன்கட்டை, மென்கட்டை என்று இருக்கிறது. பூக்கும் தாவர மரம் வன்கட்டை, பைன் போன்ற ஊசியிலை மரம் மென்கட்டை. உயிருள்ள மரத்துக்கே இது அரைகுறைப் பெயர்: கையால் நசுக்கக்கூடிய பால்சா வன்கட்டை, இறுகிய யூ மென்கட்டை! கல்லான பிறகு கேட்கவே வேண்டாம். குவார்ட்ஸாக மாறிய பைன் துண்டு கனிமங்களின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் 7. ஓபல் (படிகமாகாத சிலிக்கா) நிலையிலேயே நின்றுவிட்ட ஓக் 5.5 முதல் 6.5, கால்சைட் நிரம்பியது 3தான், கத்தி முனையில் கோடு விழும். அட்டையில் 'மென்கட்டை' என்று பார்ப்பவர் கல்லின் கடினத்தைத்தான் நினைப்பார்.

வன்கட்டைக்குத் துளைமரம், மென்கட்டைக்குத் துளையிலி மரம் என்று வைக்கலாமா? 10 மடங்கு லென்ஸில் குறுக்குவெட்டைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதுதானே.

மடல் 2

துளை என்ற சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். கல்மரத்தில் துளையாகத் தெரிவதெல்லாம் வெசல், அதாவது வன்கட்டையில் நீர் கடத்தும் குழாய், அல்ல.

பைன் குடும்பத்தில் பிசின் குழாய்கள் உண்டு. அவை தனித்தனியாக, தள்ளித்தள்ளி, பெரும்பாலும் ஆண்டு வளையத்தின் பிற்பகுதியில் இருக்கும். அதோடு போனால் பரவாயில்லை. மரம் காயப்பட்டபோது உண்டான பிசின் குழாய்கள் வளையத்தை ஒட்டியே வரிசை கட்டும். லென்ஸில் பார்த்தால் வளையத்தை ஒட்டி வெசல் வரிசை உள்ள அசல் ஓக் போலவே ஏமாற்றும். துளையை விட்டுவிட்டுத் துளைகளுக்கு இடையே உள்ள தளத்தைப் பார்க்க வேண்டும். ஊசியிலை மரமானால் ஒரே அளவு செல்கள் நெய்த துணிபோல ஆர வரிசையில் நிற்கும். கதிர்கள் (நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் திசுக் கோடுகள்) மயிரிழைபோல இருக்கும். பூக்கும் தாவர மரமானால் தளம் சீராக இராது. வெசலைச் சுற்றியோ பட்டைபட்டையாகவோ வெளிர் திசு தெரியும். ஓக்கில் அகலக் கதிரும் மெல்லிய கதிரும் கலந்தே வரும்.

மூன்றாவது ஏமாற்று, கடலில் மிதந்த கட்டையைக் குடைந்த கப்பல்புழுவின் துளைகள். ஆஸ்திரேலியாவின் 'நிலக்கடலை மரம்' அப்படிப்பட்டதுதான்: கருங்கட்டையில் வெள்ளைப் படிவு நிரம்பிய புழுத்துளைகள். அது ஊசியிலை வகை. துளைமரம் என்று பெயர் வைத்தால் முதல் ஆளாக அதைத்தான் அங்கே கொண்டுபோய் வைப்பார்கள்.

என் பரிந்துரை: குழல்மரம், குழலிலி மரம். குழல் என்றால் நெடுக ஓடுவது. நெடுக்குவெட்டிலும் பார்க்கும்படி சொல்லே நினைவூட்டும்.

மடல் 3

குழல் வேண்டாம். இலங்கைப் பாடநூல் வழக்கில் சைலம் (நீர் கடத்தும் திசு) காழ், வெசல் கலன், டிரக்கீடு (நீர் கடத்தும் ஒடுங்கிய நீள்செல்) குழற்போலி. ஊசியிலை மரம் பெரும்பாலும் குழற்போலியால் ஆனது. அதையே 'குழலிலி' என்றால் அங்கே படித்தவர் தலையைச் சொறிவார். கலன்மரம், கலனிலி மரம் என்று வைத்தால் இரு கரையிலும் உதைக்காது. பாத்திரம் என்ற பொருள் குழப்பாதா என்று கேட்கலாம்; நாளம், தமனி பேசும்போது குருதிக்கலன் என்று சொல்லிப் பழகியவர்கள்தானே நாம்.

கூட்டுச்சொல்லும் எளிதாக அமைகிறது. வளையத் தொடக்கத்தில் பெரிய கலன்கள் நெருங்கி நிற்கும் ஓக் வகை வளையக்கலன் மரம். எங்கும் ஒரே அளவில் சிதறியிருக்கும் மேப்பிள் வகை பரவற்கலன் மரம். வால்நட் இரண்டுக்கும் நடுவில் கிடக்கும். அதற்கு 'அரை வளையக்கலன்' போதும், அழகாக இல்லாவிட்டாலும்.

மடல் 4

பனையை எங்கே வைப்பீர்கள்? அதற்குக் கலன் உண்டு, ஆனால் தனியாக இல்லை, கற்றைக்குள், அதாவது தண்டில் சிதறிக் கிடக்கும் நார்க்கட்டுகளுக்குள் இருக்கிறது. வளையமும் இல்லை, கதிரும் இல்லை. குறுக்குவெட்டில் புள்ளி புள்ளியாக, நெடுக்குவெட்டில் கோடு கோடாகத் தெரியும். கலன்மரத்தில் சேர்த்தால் பிழை.

தொல்காப்பியம் இதை எப்போதோ பிரித்துவிட்டது: 'புறக்கா ழனவே புல்லென மொழிப', 'அகக்கா ழனவே மரமென மொழிப'. இங்கே காழ் என்பது சைலம் அல்ல, வைரம். பனை வெளியே வைரம், உள்ளே சோறு. கல்லிலும் அதே: தண்டின் விளிம்புப் பகுதியில் புள்ளிகள் நெருக்கம், நடுவில் இடைவெளி. புறக்காழ்க் கல் என்றே வைக்கலாமே.

மடல் 5

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கிடைப்பது பெரும்பாலும் உடைந்த துண்டு. தண்டின் நடுவிலிருந்து வந்த துண்டில் காழே கண்ணுக்குத் தெரியாது, பெயர் மட்டும் புறக்காழ் என்று நிற்கும். துண்டில் தெரிவதைச் சொல்லும் பெயர் வேண்டும். கற்றைமரம் என்பது என் வாக்கு. புறக்காழை விளக்கக் குறிப்பில் வைப்போம்.

இன்னொன்று விட்டுப்போயிற்று. எதுவும் தெரியாத துண்டுக்கும் ஒரு சொல் வேண்டும். சிலிக்கா ஓபலாகப் படிந்து, பிறகு கால்சிடனியாகவும் (நுண்படிகக் குவார்ட்ஸ்) குவார்ட்ஸாகவும் படிகமாகும்போது செல் சுவர்கள் அழிந்துபோவதுண்டு. அகேட் போல மின்னும் அழகான துண்டுகள் பல இந்த வகைதான். அவற்றுக்கு 'அமைப்பழிந்தது' என்று எழுதலாம். அந்தக் கட்டம் அட்டையில் இல்லாவிட்டால் நிறத்தைப் பார்த்து மரப்பெயர் எழுதிவிடுவார்கள். சிவப்பும் மஞ்சளும் இரும்புச் சேர்மங்கள் தந்தவை. மரம் தந்தவை அல்ல.

ஆனால் அமைப்பழிந்தது என்று முடிவு கட்டுமுன் முகத்தைச் சரியாகத் தேய்த்திருக்க வேண்டும். நாருக்கு நேர் குறுக்காக வெட்டு; சாய்ந்தால் வட்டக் கலன் நீள்வட்டமாகி அளவு பொய்க்கும். சிலிக்கன் கார்பைடு தூளில் 220, 400, 600 என்று போய் 600இல் நிறுத்தி, முகத்தை நனைத்துப் பார்ப்பது நல்லது. கண்ணாடிபோலப் பளபளப்பேற்றினால் லென்ஸில் வெளிச்சம்தான் தெரியும். வெட்டுவதும் தேய்ப்பதும் எப்போதும் தண்ணீரோடு. உலர்ந்த சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். கற்களை உருட்டி வழவழப்பாக்கும் உருட்டுப்பொறியில் போட்ட துண்டு வேண்டவே வேண்டாம், எந்த முகம் குறுக்கு எது நெடுக்கு என்றே தெரியாமல் போகும்.

மடல் 6

ஆக கலன்மரம், கலனிலி மரம், கற்றைமரம், அமைப்பழிந்தது. ஒரு சேர்க்கை: வகைக்கு முன்னால் படிவு அடுக்கின் காலம் எழுதும் கட்டம் வரட்டும். அரிசோனாவின் கல்மரக் காடு டிரையாசிக் காலத்தது. பூக்கும் தாவரங்கள் பெருகியது அதற்கு வெகுகாலம் பின்னால் வந்த கிரெட்டேசியஸில். டிரையாசிக் துண்டில் 'கலன்மரம், ஓக்' என்று எழுத வந்தால், திரும்ப லென்ஸை எடுக்க வேண்டியதுதான்.

பேரினப் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம். குவெர்காக்ஸிலான், பாமாக்ஸிலான், அரௌகேரியாக்ஸிலான் என்று ஒலிபெயர்த்தே எழுதுவோம். 'ஸிலான்' என்ற ஈறு, இது கட்டையை மட்டும் பார்த்து இட்ட பெயர் என்று சொல்கிறது. குவெர்காக்ஸிலானை ஓக் என்று மாற்றினால் அந்த எச்சரிக்கை போய்விடும்.

மிச்சம் ஒன்று: ரே என்பதற்குக் கதிர், ரேடியல் வெட்டுக்கு ஆரவெட்டு என்று தனித்தனியாக வைத்துவிட்டோம். டேஞ்சென்ஷியலுக்கு (வளையத்தைத் தொட்டபடி நெடுக வெட்டுவது) தொடுவெட்டு போதுமா, தொடுகோட்டு வெட்டு என்று நீட்ட வேண்டுமா?