நோட் கிரிப்டோவில் பூட்டியதை பிரவுசரில் திறப்பது எப்படி?

வைகைக்கரை:
மதுரை ஜவுளிக்கடை ஒன்றுக்கான பில்லிங் ஆப். சர்வரில் நோட் கிரிப்டோ (நோட்.ஜேஎஸ்ஸின் குறியாக்க மாட்யூல்), ஏஇஎஸ்-256-ஜிசிஎம் முறையில் தரவைப் பூட்டுது. பிரவுசர் பக்கம் வெப்பேக் 5 (ஜேஎஸ் கோடைக் கட்டித்தரும் கருவி) 'கிரிப்டோ' மாட்யூல் கிடைக்கலைங்குது. பிரவுசரிலேயே இருக்கும் வெப் கிரிப்டோவில் திறக்க முயன்றால் ஆபரேஷன்எரர். சாவியும் ஐவியும் (ஒவ்வொரு பூட்டலுக்கும் புதுசா தரும் தொடக்க மதிப்பு) சரிதான். எங்கே இடிக்குது?

திருமங்கலத்தான்:
வெப்பேக் 5-இல் நோட் பாலிஃபில் (நோட் மாட்யூலுக்குப் பிரவுசர் மாற்று) தானா வராது. கிரிப்டோ-பிரவுசரிஃபைங்கிற மாற்றைச் சேர்த்தா ஓடும், ஆனா பிரவுசருக்குப் போகும் பண்டில் ஃபைல் நூற்றுக்கணக்கான கேபி வீங்கும். வேண்டாம், வெப் கிரிப்டோவே போதும். பிழை டேக்கில்தான் (தரவு மாறலைன்னு சரிபார்க்கும் முத்திரை) இருக்கணும். நோட்டில் கெட்ஆத்டேக் 16 பைட்டைத் தனியா தரும், வெப் கிரிப்டோவின் சப்டில்.டிக்ரிப்ட் அதைச் சைஃபர்டெக்ஸ்ட்டின் (பூட்டிய தரவு) வாலில் ஒட்டியே எதிர்பார்க்கும். ஒரே யுஇன்ட்8அர்ரேயில் (பைட் வரிசை) முதலில் சைஃபர்டெக்ஸ்ட், கடைசியில் டேக். ஐவி 12 பைட் வைங்க. ஒரே சாவிக்கு அதே ஐவி மறுபடி வரவே கூடாது, வந்தா ஜிசிஎம்மின் பாதுகாப்பே போச்சு.

மாட்டுத்தாவணி:
கடை போனில் 192.168 முகவரியை வெறும் எச்டிடிபியில் திறந்தா கிரிப்டோ.சப்டில் 'அன்டிஃபைன்ட்' ஆகிடும். எச்டிடிபிஎஸ் வேணும், லோக்கல்ஹோஸ்ட் மட்டும் விலக்கு. சப்டில் தர்றதெல்லாமே ப்ராமிஸ் (பதில் பிறகுதான் வரும்), அவெய்ட் விட்டுறாதீங்க. எம்டி5 (பழைய ஹாஷ் முறை) வெப் கிரிப்டோவில் கிடையாது.

வைகைக்கரை:
டேக்கை ஒட்டினதும் திறந்துருச்சு, நன்றிண்ணே. சாவியை ஜேஎஸ் ஃபைலில் வைக்கலாமா?

திருமங்கலத்தான்:
கூடவே கூடாது தம்பி. பக்கத்தைத் திறக்கிற எவரும் படிச்சிடுவாங்க. பாஸ்வேர்டிலிருந்து பிபிகேடிஎஃப்2 (பாஸ்வேர்டைச் சாவியாக்கும் முறை) வழியா சாவியை எடுங்க: எஸ்எச்ஏ-256 ஹாஷ், 16 பைட் சால்ட் (கூடச் சேர்க்கும் தற்செயல் மதிப்பு), 6,00,000 சுற்று. எக்ஸ்ட்ராக்டபிள் ஃபால்ஸ்னு வைங்க, சாவியை ஜேஎஸ் வெளியே எடுக்க முடியாது.