வெள்ளி அடைப்பு 15 வருஷமாகக் கல் மாதிரி, வெள்ளை அடைப்பு 3 வருஷத்தில் சொத்தை. ஏன்?

பேடா மாஸ்டர், ஆற்காடு:
வணக்கம். ஆற்காட்டில் ஒரு இனிப்புக் கடையில் மக்கன் பேடா போடுகிறேன். இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் 2009-இல் வெள்ளி அடைத்தார்கள். கறுத்துப்போய்ப் பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் ஒரு தொந்தரவும் இல்லை. வலது பக்கம் 2022-இல் நீல லைட் காட்டி இறுக்கும் வெள்ளை அடைப்பு, காசும் அதிகம். இப்போது அடைப்பும் பல்லும் சேரும் இடத்தில் பழுப்பாக ஒரு கோடு. பல் நூல் விட்டால் அங்கே சிக்கிப் பிரிகிறது. சூடான பாகு பட்டால் சுள்ளென்று ஏறுகிறது. அடைப்பு மேல் கிருமிப் படலம், அடியில் மறுபடி சொத்தை என்கிறார் டாக்டர். பல்லில் கிருமி வரும், சரி. பிளாஸ்டிக் மாதிரிப் பொருளில் அதற்கு என்ன தீனி? ஒரே வாய், ஒரே பிரஷ்தானே?

குடியாத்தம் அத்தை:
கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வையுங்கள் தம்பி, இரண்டே நாளில் அடங்கிவிடும்.

வில்லை 24, வேலூர்:
அண்ணா, நான் பல் மருத்துவம் மேற்படிப்பு படிக்கிறேன். ஒரு வருஷமாக இதே வேலைதான்: அடைப்புப் பொருளைச் சட்டைப் பொத்தான் அளவு வில்லையாக வார்த்து, 37 டிகிரியில் கிருமி வளர்ப்பது.

தீனி அடைப்பில் இல்லை, உங்கள் பாகில் இருக்கிறது. எதை வாயில் வைத்தாலும் சில நிமிடத்தில் எச்சில் புரதம் அதன் மேல் மெல்லிசாகப் படியும். கிருமி ஒட்டுவது அதன் மேல்தான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற கிருமி சர்க்கரையைப் பசையாகத் திரித்துக்கொள்ளும். சர்க்கரை போடாத வில்லையைக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். சர்க்கரை போட்டதை எத்தனை தரம் அலசினாலும் சாயம் ஊற்றியதும் கத்திரிக்காய் நிறத்தில் திட்டாக நிற்கும். நகத்தால் சுரண்டினால் கம்பிப் பாகு மாதிரி இழுக்கும். முதல் தடவை பார்த்த அன்றைக்கு நான் மத்தியானம் சாப்பிடவில்லை.

இனி உங்கள் இரண்டு பற்கள். வெள்ளி அடைப்பில் பாதி பாதரசம், மீதி வெள்ளி, தகரம், செம்பு. இவை துளித்துளியாகக் கசிவது கிருமிக்கு ஆகாது. அப்புறம், அது துருப்பிடிக்கும். அந்தத் துருவே ஓர இடுக்கை அடைத்துவிடும். நீங்கள் அசிங்கம் என்கிற கறுப்புக்கு அந்த நன்மையும் உண்டு. (பாதரசத்துக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலிருந்து அதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. அதற்காக நல்லாயிருக்கும் அடைப்பைத் தோண்ட வேண்டாம்.) உங்கள் வெள்ளை அடைப்பு ரெசின் என்ற பிளாஸ்டிக் மாதிரிப் பொருள். அது இறுகும்போது நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கும். ஓரத்தில் முடி இழை நுழையாத இடுக்கு விழுந்தாலும் கிருமிக்கு அது தெருவே. கிருமியின் அமிலமும் எச்சிலின் நொதியும் ரெசினையே கொஞ்சம் கொஞ்சமாக அரித்துச் சொரசொரப்பாக்கும். சிமென்ட் தொட்டியில் பாசி பிடிப்பதும் ஸ்டீல் குடத்தில் பிடிக்காததும் தெரியும்தானே? எங்கள் கணக்கில் 0.2 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேடுபள்ளத்தைத் தாண்டினால் படலம் கூடும். அதனால்தான் பாலிஷ் போடச் சொல்வது.

ஆக, டாக்டர் வேலையில்தான் குறை என்று சொல்ல முடியாது. ஒன்று கேட்கிறேன், ஒரு நாளைக்கு எத்தனை தரம் பாகு ருசி பார்ப்பீர்கள்?

அத்தை, கோபிக்காதீர்கள்: கிராம்பு எண்ணெய் வலியை அடக்கும், சொத்தையை நிறுத்தாது. அதில் உள்ள யூஜினால் புது ரெசினை இறுக விடாது. வைத்திருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

பேடா மாஸ்டர், ஆற்காடு:
எண்ணினதில்லை. இருபது, இருபத்தைந்து தரம் இருக்கும். வலது பக்கமாகத்தான் சப்புவேன், இப்போதுதான் உறைக்கிறது.

வில்லை 24, வேலூர்:
ஒவ்வொரு தரமும் படலத்துக்குள் அமிலம் ஏறி, பி.ஹெச். (அமிலத்தை அளக்கும் எண், அமிலம் ஏற ஏற இது இறங்கும்) 5.5-க்குக் கீழே போனால் பல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணிக்கு மேல் ஆகும். நீங்கள் அந்த அரை மணியே தருவதில்லை. பதம் விரலில்தானே பார்ப்பீர்கள், நாக்கு எதற்கு?

பேடா மாஸ்டர், ஆற்காடு:
பதத்துக்கு விரல் போதும், ஏலக்காய்க்கு நாக்குதான் வேண்டும் தம்பி. சரி, காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம், உடனே வாய் கொப்பளிப்பு. நடுவில் பையனை ருசி பார்க்கச் சொன்னேன். அவனுக்கும் பல் இருக்கிறதே என்கிறாள் வீட்டில்.