சூளுரை, சத்தியம், உறுதிமொழி: பொறுப்பேற்பு வாசகத்தில் எது பொருந்தும்?

மேலூரான்:
எங்கள் கண்மாய்ப் பாசனச் சங்கத்தின் புதிய நிர்வாகிகள் ஊரார் முன் வாசிப்பதற்கு ஒரு வாசகம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். 'மடை முறை மாறாமல் நீர் பங்கிடுவேன் எனச் சூளுரைக்கிறேன்' என்று எழுதிக் காட்டியதும், பெரியவர் ஒருவர் 'யாரோடு சண்டைக்குப் போகிறீர்கள்?' என்று கேட்டுவிட்டார். சூள் சண்டைக்கு மட்டும் உரிய சொல்லா?

தெற்குமாசி:
பழந்தமிழில் அப்படி இல்லை. குறுந்தொகை 53ஆம் பாட்டில் தலைவன் தலைவியின் முன்கையைப் பற்றிக்கொண்டு, சூரரமகளிரை (மலையிலும் நீர்த்துறையிலும் உறைவதாக நம்பப்பட்ட, அச்சம் தரும் தெய்வப் பெண்களை) சாட்சியாக்கிச் சொல்வதும் சூள்தான். பரிபாடல் 8இல் வையை மணலையும் பரங்குன்றத்தையும் சொல்லித் தலைவன் சூளுறும்போது, பொய்ச்சூளால் தீங்கு வருமே என்று தோழிதான் பதறுகிறாள்.

சண்டைக்கு உரியது வஞ்சினம், அதாவது 'இதைச் செய்யாவிட்டால் எனக்கு இன்ன இழிவு வரட்டும்' என்று வீரன் கூறும் சபதம். புறநானூறு 72இல் பாண்டியன் நெடுஞ்செழியன், பகைவரை முரசோடு கைப்பற்றாவிட்டால் குடிமக்கள் என்னைக் கொடியன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நிலத்தைப் பாடாது நீங்கட்டும், இரப்போர்க்கு ஈய முடியாத வறுமை என்னைச் சேரட்டும் என்று தன்மேலேயே பழியை ஏற்றிக்கொள்கிறான். (புலவர் பாடாமல் போவதைத் தண்டனையாகக் கருதிய அரசன்!) இன்றைய மேடைப் பேச்சு வஞ்சினத்தின் இடத்தில் சூளுரையை உட்கார வைத்துவிட்டது, பெரியவரின் காதில் விழுந்தது அதுதான்.

மேலூரான்:
நன்றி ஐயா. அப்படியானால் 'சத்தியம் செய்கிறேன்' என்று போட்டுவிடலாமா? ஊரில் எல்லாருக்கும் புரியுமே.

மலையடிவாரம்:
புரியும் என்பதுதான் சிக்கல். நம் பக்கத்தில் ஊர் நடுவே சத்தியம் கேட்பது பெரும்பாலும் சந்தேகம் வந்த பிறகுதான். கொடுக்கல் வாங்கலில் வழக்கு முற்றினால், அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பசாமியின் சந்தனம் சாத்திய கதவுகளுக்கு முன் நின்று 'நான் வாங்கவில்லை' என்று சொல்லச் சொல்வார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் என்றால் சூடத்தை அணைத்துச் சத்தியம் வாங்குவார்கள். பொறுப்பேற்கும் அன்றே அதைக் கேட்டால், நிர்வாகிகளை முன்கூட்டியே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது போலாகும்.

அரசியலமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, கடவுளின் பெயரால் ஆணையிடவும், அது வேண்டாதவர்கள் உளமார உறுதி கூறவும் இடம் தருகிறது. பல சாமிகளைக் கும்பிடுபவர்களும் கும்பிடாதவர்களும் ஒரே கண்மாய்த் தண்ணீரில் பயிர் செய்யும் ஊருக்கு இரண்டாவது போதும் என்பேன். 'கடைமடை வரை முறைப்படி நீர் சேரச் செய்வேன் என்று ஊரார் முன்னிலையில் உளமார உறுதி கூறுகிறேன்' என்று எழுதுங்கள். நீர் கடைசியாகச் சேரும் பகுதியைக் குறிக்கும் 'கடைமடை' என்ற சொல்லை மட்டும் யார் சொன்னாலும் எடுத்துவிடாதீர்கள்.