பத்து சென்டிமீட்டர் தொலைவில் ஒரு கட்டம்

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம், விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போனால் வெளிச்சம் எவ்வளவு குறையும் என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன். பெரும்பாலும் "பாதியாகும்" என்ற பதிலே வரும். அதைத் திருத்திச் சொல்வதைவிட அவர்களையே எண்ண வைப்பது மேல் என்பதால் இந்தச் சோதனையை விடாமல் செய்கிறேன்.

ஓர் அட்டையில் ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத் துளை வெட்டி, பல்பிலிருந்து 10 சென்டிமீட்டரில் நிறுத்த வேண்டும். அதற்கு அப்பால் வரைபடத்தாளைப் பிடித்து, ஒளி விழும் ஒரு சென்டிமீட்டர் கட்டங்களை எண்ண வேண்டும்; அவ்வளவுதான்.

முதல் ஆண்டு டார்ச்சை அப்படியே வைத்துவிட்டேன். தாளை எவ்வளவு நகர்த்தியும் ஒளித்திட்டு துளையைவிடச் சற்றே பெரிதாக, ஓரம் மங்கி, ஏறக்குறைய அதே அளவில் நின்றது. பல்புக்குப் பின்னாலிருந்த குழியாடி ஒளியைப் பரவ விடாமல் ஒரே திசையில் திரட்டி அனுப்பியதே காரணம். பல்பை மட்டும் கழற்றி இரண்டு பேட்டரிகளோடு ஒயரால் இணைத்ததும், சிறிய இழையிலிருந்து ஒளி நேர்கோடுகளாக விரிந்ததால் சதுரத்தின் ஓரங்கள் தெளிவாக விழுந்தன. தாள் 20 சென்டிமீட்டரில் இருந்தபோது நான்கு கட்டங்கள்.

ஒரு குழு மட்டும் ஒன்பது என்றது. தாளின் தடித்த கோடுகள் மேல் விரல் வைத்து மறுபடி எண்ணினார்கள்; ஒன்பதேதான். அவர்கள் 20 சென்டிமீட்டரை அட்டையிலிருந்து அளந்திருந்தார்கள், ஆகவே தாள் பல்பிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருந்தது. அளந்த இடம் பிசகியிருந்தாலும் எண்ணிக்கை சரியே. தொலைவு மூன்று மடங்கானால் பரப்பு ஒன்பது மடங்காகும் என்பதை அந்தக் குழுதான் வகுப்புக்கு முதலில் காட்டியது.

கட்டங்கள் கூடினாலும் துளை வழியே வரும் ஒளி கூடவில்லையே, பிறகு என்ன ஆகும் என்று கேட்டேன். "ஒரு கரண்டி மாவைப் பெரிய தோசையாக இழுத்தால் மெல்லிசாகிவிடும், சார்" என்றாள் ஒரு மாணவி. வெளிச்சம் தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் குறையும், அதாவது தொலைவு இரண்டு மடங்கானால் நான்கில் ஒன்றாகும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும் என்று வானியலாளர் கெப்ளர் 1604-இல் தம் ஒளியியல் நூலில் எழுதியதை அதன் பிறகே சொன்னேன்.

நாற்பதிலும் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒளி மிக மங்கியிருந்ததால் ஜன்னல்களைச் சாக்கால் மூடி, கண் பழகும்வரை காத்திருந்து எண்ணினோம்: பதினாறு.