மதுரை கறி மெஸ்ஸில் தனியாளாகச் சாப்பிடுவது: அனுபவப் பகிர்வு

சிம்மக்கல்வாசி:
மெஸ்ஸுக்குத் தனியாகப் போகிறவர்கள் தடுமாறுவது அளவில்தான். சுக்கா, ஈரல், குடல் எல்லாமே இரண்டு பேர் தொட்டுக்கொள்ளும் கணக்கில்தான் தட்டில் வரும். அரைத் தட்டு பெரும்பாலும் கிடைக்காது. சாப்பாட்டு விலைக்குள் சோறு, ஒரு பொரியல், மூன்று நான்கு குழம்பு, ரசம், மோர் அடக்கம். தொடுகறிக்கு விலை தனி. இலை போட்டதும் ஒரு தாம்பாளத்தில் சின்னத் தட்டுகளை அடுக்கிக் கொண்டுவந்து காட்டுவார்கள். வேண்டாததை அப்போதே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், மேசையில் இறக்கிவிட்டால் பில்லில் ஏறிவிடும். "அண்ணே, இது எவ்வளவு?" என்று தட்டைத் தொடும் முன்னே கேளுங்கள். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

ஒரு ஆளுக்கு ஈரமில்லாத தொடுகறி ஒன்று, முட்டையில் ஒன்று போதும். கொத்துக்கறியை உருட்டிப் பொரிக்கிற கோலா உருண்டை எண்ணிக்கையில் கிடைக்கும் என்பதால் தனியாளுக்கு அதுதான் தோது. இலைக்கே நாலு குழம்பு வருகிற இடத்தில் கிரேவித் தட்டு வேறு வாங்கினால் பாதி மிஞ்சும்.

குழம்புக்காரன்:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பரிமாறுகிறவர் வாளிகளை ஒன்றாகத் தூக்கி வந்து எல்லாக் குழம்பையும் ஒரே சோற்றில் ஊற்றிவிடப் பார்ப்பார். கூட்ட நேரத்தில் தனியாளிடம் நின்று பேச அவருக்கு நேரமிருக்காது. அதனால் சோறு விழுந்ததுமே மூன்றாகப் பிரித்து, "ஒண்ணொண்ணா ஊத்துங்கண்ணே" என்று முந்திக்கொள்ளுங்கள். முதலில் கறிக்குழம்பு, அடுத்து நாட்டுக்கோழியோ நண்டோ, கடைசியில் மீன் குழம்பு. மீன் குழம்பில் புளி தூக்கலாக இருக்கும். அதை முதலில் சாப்பிட்டால் பிறகு வரும் கறிக்குழம்பின் சீரகம், சோம்பு வாசனை நாக்கில் ஏறாது. ரசத்துக்கும் மோருக்கும் இரண்டு கை சோறு மிச்சம் வையுங்கள். எண்ணெய் மிதக்கும் குழம்புக்குப் பிறகு மோர் இல்லாமல் எழுந்தால் சாயங்காலம் வரை நெஞ்சு கரிக்கும்.

அயிரை மீன் குழம்பு தேடி வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது: இலைக்கு ஊற்றுவது குழம்பு மட்டும்தான், மீனுக்குத் தனி விலை. விரல் நீளம்கூட இல்லாத மீன் அது, முள்ளோடு அப்படியே சாப்பிடலாம். உயிரோடு தேங்காய்ப்பாலிலோ மோரிலோ விட்டு மண்ணைக் கக்கவைத்து, கல்லுப்பு போட்டு உரசிக் கழுவ வேண்டும். பல்லில் நறநறவென்றால் அந்த வேலை சரியாக நடக்கவில்லை. தயங்காமல் சொல்லித் தட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

வைகைக்கரை:
முட்டை என்றால் கலக்கி. ஆனால் முதல் சோற்றோடு சேர்த்துச் சொல்லாதீர்கள். முட்டையோடு மிளகும் குழம்பும் கலந்து கல்லில் ஊற்றி, வெளிப்பக்கம் பிடித்ததும் மடித்து எடுப்பது அது. உள்ளே இளக்கமாக இருக்க வேண்டும். இலையில் காத்திருந்தால் தன் சூட்டிலேயே இறுகிச் சாதாரண ஆம்லெட் ஆகிவிடும். இரண்டாவது முறை சோறு வாங்கும்போது சொன்னால் சரியாக வரும்.

தெற்குமாசி அக்கா:
தனியாகப் போகும் பெண்களுக்கு. பன்னிரண்டு, பன்னிரண்டேகாலுக்குள் உட்கார்ந்துவிடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு வரை எதிர் நாற்காலியில் யாரையாவது உட்காரவைப்பார்கள். அது எல்லோருக்கும் உள்ள வழக்கம், ஆனாலும் முதல் தடவை போகிறவருக்குச் சங்கடமாக இருக்கும். சுவரோரம் இருவர் மேசை கேளுங்கள். ஏ.சி. அறையில் விலைப்பட்டியலே வேறாக இருக்கலாம், உட்காரும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். வரி மட்டும் கூடுதலாக இருக்காது, இரண்டுக்கும் அதே 5 சதவீத ஜி.எஸ்.டி.தான்.

கையைக் கழுவிவிட்டுப் பிறகு இடம் பிடியுங்கள். நடுவில் எழ நேர்ந்தால் இலையை மடிக்கவே கூடாது. மடித்தால் முடிந்தது என்று அர்த்தம், திரும்பி வருவதற்குள் மேசையைத் துடைத்திருப்பார்கள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் பையையும் போனையும் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் கொடுக்க வேண்டிய பணம் இடது கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

அடுப்படி:
நாள் பார்த்துப் போவதும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை ஆடு அதிகம் அறுபடும், தலைக்கறி, குடல், மூளை எல்லாம் இருக்கும். ஆட்டுக்கு ஒரு மூளைதானே, அதனால் மதியம் பாதியிலேயே தீர்ந்துவிடும். வேண்டுமென்றால் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வெள்ளி, அமாவாசை, புரட்டாசி மாதத்தில் கூட்டம் குறைவு, நிதானமாகச் சாப்பிடலாம். ஆனால் அன்றைக்கு உள்ளுறுப்பு வகைகளை எதிர்பார்க்காதீர்கள். காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, இந்த நாலு நாளும் இறைச்சிக் கடைகளுக்கு அரசு விடுமுறை. அந்த நாட்களில் மெஸ் திறந்திருந்தாலும் கறி எப்போது வாங்கியது என்று கேட்டுவிட்டு இலையில் உட்காருங்கள்.

சிம்மக்கல்வாசி:
மிஞ்சுமோ என்று யோசித்தே பிடித்ததை விட்டுவிட வேண்டாம், மூடியுள்ள எவர்சில்வர் டப்பா ஒன்று பையில் இருக்கட்டும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, சூடான கறியைப் பிளாஸ்டிக் கவரில் கட்டுவதும் நல்லதில்லை. ஆனால் எடுத்து வைப்பதைக் கை படும் முன் செய்யுங்கள். தட்டு வந்ததும் பாதி சுக்காவைக் கரண்டியால் டப்பாவில் தள்ளிவிட்டால் ராத்திரி தோசைக்கு ஆகும். எச்சில் கை பட்டது அதுவரை தாங்காது, புளித்துவிடும்.

ராத்திரி சாப்பாடே கடையில்தான் என்றால் கறி தோசை. தடித்த தோசை, மேலே முட்டை, அதற்கும் மேலே கறி என்று மூன்று அடுக்கு. சிம்மக்கல் கோனார் மெஸ் இதற்குப் பேர்போனது. ஒரு தோசையிலேயே ஒரு ஆளுக்கு வயிறு நிறைந்துவிடும், கூட வேறெதுவும் சொல்லாதீர்கள்.